விசேட தேவையுள்ள பிள்ளையோடு கொழும்பில் ஒரு குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டிசம், டவுண் சிண்ட்ரோம், செரிபிரல் பால்சி, பேச்சுத் தாமதம் என்று ஏதோ ஒரு பெயர் எழுதிய கிளினிக் கொப்பியோடு வீடு திரும்பும் தமிழ்ப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து அம்மா அப்பாமார் பலரோடு கதைத்ததையும், என் மகனை வளர்ப்பதையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அவனுக்கு ஓட்டிசம், இப்போது பதின்ம வயது. நான் டொக்டர் இல்லை. மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியரோடு கதைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மகனுக்கு இரண்டு வயதாகிறது, இன்னும் கதைக்கவில்லை. "இவன்ர அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தவன்" என்கிறார் அப்பம்மா. பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். அப்பம்மா சொல்வது உண்மையாகவே இருக்கலாம், சில பிள்ளைகள் பிந்தித்தான் கதைக்கிறார்கள். ஆனால் இது வெறும் தாமதமா வேறு ஏதாவதா என்று வீட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது.

ஒரு வயதளவில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும். ஒன்றரை வயதளவில் விரல் நீட்டிக் காட்டும். பிஸ்கட் வேண்டும் என்று காட்டுவதைவிட, பல்கனியில் வந்து உட்கார்ந்த காகத்தைக் காட்டிவிட்டு "நீங்களும் பார்த்தீர்களா" என்பதுபோல உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்பதைக் கவனியுங்கள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேரும். இவை இல்லையென்றால் காட்டுங்கள். முன்பு சொன்ன சொற்கள் காணாமல் போனால், எந்த வயதாக இருந்தாலும் அந்தக் கிழமையே காட்டுங்கள்.

முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான், காது நன்றாகக் கேட்கிறது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெரிய சத்தம் கேட்கிற பிள்ளைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம்.

காட்டியபின் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. மூளை வேகமாக வளரும் முதல் சில வருடங்களைக் காத்திருந்தே கழித்தால் அதுதான் நட்டம்.

சரி, கொழும்பில் எங்கே போவது?

பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவேட்டை எடுங்கள். தடுப்பூசி போட்ட திகதி பார்க்க மட்டும்தான் பலர் அதைத் திறக்கிறார்கள். எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற வளர்ச்சிப் பக்கமும் அதில் இருக்கிறது. அதோடு உங்கள் பகுதி மருத்துவிச்சியிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்கோ போனால் அங்கிருந்து கடிதம் தருவார்கள். பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் நரம்பியல், சிறுவர் மனநலம், பேச்சு சிகிச்சை எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும் அயாதி நிலையம், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்றே கட்டப்பட்டது. கரையோரப் பாதையில் இருப்பவர்கள் கோட்டையிலோ மருதானையிலோ ரயில் மாறிப் போகலாம். வசதி இருந்தால் தனியாரில் சனல் பண்ணலாம், ஆனால் அரச கிளினிக் இலக்கத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் கொடுப்பனவுக்கும் பரீட்சைக்கும் அந்தக் கொப்பிதான் உதவும்.

போகும்போது போனில் இரண்டு மூன்று சின்ன வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்: விளையாடுவது, சாப்பிடுவது, அழுது புரள்வது. டொக்டரின் அறையில் பத்து நிமிடத்தில் பிள்ளை தன் முழு முகத்தையும் காட்டமாட்டான்.

டவுண் சிண்ட்ரோம் என்றால் இன்னொன்று. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் எக்கோ (இருதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். தைரொயிட், காது, கண் மூன்றையும் ஒழுங்காகப் பார்த்துவர வேண்டும்.

தெரப்பிஸ்டுக்குத் தமிழ் தெரியாது. "ஒரே மொழியில் கதையுங்கள், இங்கிலிஷ் என்றால் லேசு" என்கிறார்கள். வீட்டில் தமிழை விட்டுவிடவா?

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கொழும்பில் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் குறைவு. அந்தக் குறையைச் சரிக்கட்ட வேண்டிய பொறுப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிலும் டவுண் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலும் செய்த ஆய்வுகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. இரண்டு மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்த அதே நிலைப் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை என்பதுதான் அவற்றில் தெரிகிறது. இரண்டு மொழி குழப்பும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் வீட்டுமொழியைப் பறித்தால் என்ன நடக்கும் என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் "கம்", "சிட்", "கிவ்", "நோ" என்று ஆறேழு கட்டளைகள்தான் மிஞ்சும். கொஞ்சுவது, பாட்டுச் சொல்வது, "எங்கட செல்லக்குட்டி எங்க ஒளிஞ்சிருக்கு" என்று விளையாடுவது எல்லாம் நின்றுவிடும். இங்கிலிஷ் வராத அம்மம்மா, பிழையாகக் கதைத்துவிடுவேனோ என்று பயந்து பேரனோடு கதைப்பதையே நிறுத்திவிடுவார். நாள் முழுக்க ஆட்கள் நிறைந்த வீட்டில் அந்தப் பிள்ளையின் காதில் விழும் பேச்சு பாதியாகக் குறைந்துபோகும். பேச்சு வர வேண்டிய பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் என்ன இருக்கிறது?

தெரப்பிஸ்டிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்தக் கிழமை எந்தத் திறமையைப் பழக்குகிறீர்கள்? அதை எனக்குச் செய்து காட்டுங்கள், நான் வீட்டில் தமிழில் செய்கிறேன்." நல்ல தெரப்பிஸ்ட் எவரும் மறுக்கமாட்டார். முறையைத்தான் அவரிடம் கற்க வேண்டும், சொல்லை நீங்கள் போடலாம்.

தொடங்குவதற்கு என் தெரிவு: தா, வா, இன்னும், போதும், வேண்டாம். நிறங்களும் மிருகங்களும் பிறகு வரட்டும். "போதும்", "வேண்டாம்" என்று சொல்லவோ கையால் காட்டவோ தெரிந்த பிள்ளை கடிப்பதும் தட்டைத் தள்ளிவிடுவதும் குறையும். புத்தகத் தமிழ் வேண்டாம். வீட்டில் "வேணாம்" என்றால் "வேணாம்" என்றே சொல்லுங்கள்.

படக் கார்ட் கொடுத்திருந்தால் அதையும் நம் வீட்டுக்கு மாற்றுங்கள். இணையத்தில் எடுத்த கார்ட்டில் பேர்கரும் பனிமனிதனும் இருக்கும். உங்கள் வீட்டு நீல வாளி, புட்டுத் தட்டு, அப்பாவின் மோட்டார் சைக்கிள், கீழ்வீட்டு மாமி இவற்றைப் போனில் எடுத்து அச்சடித்து, தமிழில் பெயர் எழுதி ஒட்டுங்கள். படம் பழகினால் பேச்சு வராது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. படமும் சைகையும் பேச்சுக்குத் துணையாகத்தான் நிற்கின்றன.

சிங்களம் பிறகு வரும், வரவும் வேண்டும். பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில் தேவைப்படும். என் மகன் சிங்களச் சொற்கள் கற்றது த்ரீவீலர் அண்ணாமாரிடமும் கீழே இருக்கும் காவலாளியிடமும்தான்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் தெரப்பி கிடைக்கிறது. அது போதுமா?

போதாது, ஆனால் வீட்டை இன்னொரு கிளினிக்காக மாற்றவும் வேண்டாம். மேசையில் இருத்தி அட்டை காட்டுவதைவிட, அன்றாட வேலைக்குள் பழக்குவது பிள்ளைக்கும் நல்லது, உங்களுக்கும் லேசு. இடியப்ப உரலைப் பிழிய விடுங்கள், கைக்குப் பலம் வரும். காய்ந்த உடுப்புகளில் அப்பாவுடையது எது, தன்னுடையது எது என்று பிரிக்கட்டும். குளிக்கும்போது ஒவ்வொரு வாளி தண்ணீருக்கும் முன்னால் நிறுத்தி, "இன்னும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அந்தக் காத்திருத்தலில்தான் நிறைய விஷயம் இருக்கிறது. நம் அம்மாமார் பிள்ளை முகம் சுளிக்கும் முன்னரே பிஸ்கட் டின்னைத் திறந்து கொடுத்துவிடுவார்கள், அது பாசம். மூடிய டின்னைக் கையில் கொடுத்துவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிள்ளை உங்களைப் பார்க்கும், டின்னைத் திருப்பி நீட்டும், ஒரு சத்தம் போடும். அதுதான் பேச்சின் முதல் படி. உடனே திறந்து கொடுங்கள்.

போனும் டிவியும்? அவற்றால் ஓட்டிசம் வருவதில்லை. ஆனால் திரை ஓடும் நேரத்தில் இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல் நடக்காது. இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இரண்டு வயதுக்குக் கீழே தவிர்ப்பது நல்லது.

தடுப்பூசியால் வந்ததா? நான் கர்ப்பத்தில் செய்த பிழையா? போன பிறவிப் பாவமா?

மூன்றும் இல்லை. எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் இணைத்து 1998-ல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. பிறகு பல லட்சம் பிள்ளைகளில் பார்த்தும் தொடர்பு இல்லை. இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் அந்த ஊசிகளைத் தவறவிடாதீர்கள். டவுண் சிண்ட்ரோம், 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாகச் சேர்வதால் வருவது, பெரும்பாலும் தற்செயலாக நடப்பது. நீங்கள் சாப்பிட்டதோ, கிரகணத்தில் வெளியே போனதோ காரணம் இல்லை. பாவம் என்று சொல்லும் உறவினரிடம் நீங்கள் ஒரு விளக்கமும் கொடுக்கத் தேவையில்லை.

சென்னையில் ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் குணமாகும் என்கிறார்கள். நகையை விற்றாவது போகலாமா?

போக வேண்டாம். ஓட்டிசத்தையோ செரிபிரல் பால்சியையோ ஸ்டெம் செல் குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. உடம்பிலிருந்து உலோகம் எடுப்பதாகச் சொல்லும் கீலேஷன் ஆபத்தானது. 2005-ல் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள ஒரு சிறுவன் அந்தச் சிகிச்சையின்போது இறந்தே போனான். நேர்த்தி வைப்பதும் நூல் கட்டுவதும் உங்கள் மன ஆறுதலுக்கு என்றால் செய்யுங்கள். மருந்தையும் தெரப்பியையும் நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அங்கே திரும்பப் போகாதீர்கள். நகையை வைத்திருங்கள், நீண்ட காலச் செலவு இருக்கிறது.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கலாமா?

இரும்பு, சாவி எதுவும் வேண்டாம். வாயில் கரண்டியும் தண்ணீரும் கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990-க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. 2022-ல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பல வீடுகள் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. முடிவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

பாடசாலையில் சேர்க்க மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது. 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்ற விதியிலிருந்து நம் பிள்ளைகள் விலக்கப்படவில்லை. இதைச் சண்டைக்கில்லாமல் ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் "இடமில்லை" என்பவர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள். அடுத்த படி வலயக் கல்விப் பணிமனை.

நடைமுறையில், சாதாரண வகுப்பு, பாடசாலைக்குள்ளேயே இருக்கும் விசேட கல்வி அலகு, தனி விசேட பாடசாலை என்று மூன்று வழி. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கு 1912-ல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலை இருக்கிறது. தமிழ்மொழி மூலம் அலகு தேடுபவர்களுக்கு இந்த நகரத்தில் தெரிவு குறைவு. சர்வதேசப் பாடசாலைகள் சில எடுக்கின்றன, ஆனால் கூடவே இருக்கும் ஷேடோ ரீச்சருக்கும் நீங்கள்தான் சம்பளம் கொடுக்க வேண்டிவரும்.

பெயர் பெற்ற பாடசாலைக்காக அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். முதல் நாள் ரீச்சர் பிள்ளையிடம் குனிந்து கதைக்கிறாரா, உங்களிடம் மட்டும் கதைக்கிறாரா என்று பாருங்கள். எனக்கு அது போதும்.

பரீட்சைகளில் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல், எழுதிக்கொடுக்க ஆள் என்ற வசதிகளுக்குப் பாடசாலை மூலம் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் படிவம் நிரப்பும்போதே கேளுங்கள், பரீட்சை நெருங்கியபின் கேட்டுப் பயனில்லை.

கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதையே விட்டுவிட்டோம். எல்லோரும் பார்க்கிறார்கள்.

திரும்பப் போங்கள், ஆனால் உங்கள் விதிப்படி போங்கள். திருவிழா அன்று மேளமும் சனமும் தாங்காத பிள்ளையை, ஒரு சாதாரண வார நாளில் பின்னேரம், சனம் வரும் முன்னர் கூட்டிக்கொண்டு போகலாம். கால் மணி நேரம் சுற்றி வந்து, திருநீறு பூசி, வெளியே வந்துவிடலாம். கலியாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்தைத் தவிருங்கள். கெட்டிமேளம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். காதை மூடும் ஹெட்போன், பிடித்த தின்பண்டம், வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் கதிரை. கணவன் மனைவி இருவரில் யார் வெளியே கூட்டிக்கொண்டு போவது என்று முதலே பேசி வையுங்கள்.

ஃபிளாட் வாழ்க்கைக்கு இன்னும் ஒன்று. மகன் லிஃப்டில் எல்லா மாடிப் பொத்தானையும் அமத்தும் காலம் ஒன்று இருந்தது. நாங்கள் மேல்வீடு கீழ்வீடு எல்லாம் போய்க் கதவைத் தட்டி, "தம்பிக்கு ஓட்டிசம், சில நேரம் சத்தம் போடுவான், குறை நினைக்காதேங்கோ" என்று சொன்னோம். முகம் கோணியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஐந்தாம் மாடி அன்ரி அன்றிலிருந்து "தம்பி, எனக்கு அஞ்சை அமத்திவிடு" என்று அவனிடம் வேலை சொல்ல ஆரம்பித்தார். அவனுக்கு ஒரு வேலை கிடைத்ததும் மற்றப் பொத்தான்களை மறந்துவிட்டான்.

மூத்தவளைக் கவனிக்க நேரமே இல்லை. அவள் வாய்விட்டு ஒன்றும் கேட்பதும் இல்லை.

கேட்காத பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும். கிழமைக்கு ஒருநாளாவது தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் காலி வீதியில் நடந்துபோய் ஒரு ஐஸ்கிறீம் சாப்பிடுங்கள். தம்பிக்கு என்ன என்பதை அவள் வயதுக்கேற்ற சொற்களில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தன்னால்தான் வந்தது என்றுகூடப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. "நாளைக்கு நீதான் இவனைப் பார்க்கவேணும்" என்ற பாரத்தைப் பத்து வயதில் ஏற்றாதீர்கள்.

மகள் பெரியபிள்ளையாகும் வயது. எப்படித் தயார் செய்வது? சாமத்தியச் சடங்கு வைக்கலாமா?

வருவதற்கு ஒரு வருடம் முன்னரே தொடங்குங்கள். மாதவிடாய்ப் பாட் ஒன்றை உள்ளாடையில் ஒட்டிச் சில மணி நேரம் போட்டுப் பழகட்டும், சில பிள்ளைகளுக்கு அந்த ஸ்பரிசமே பிடிக்காது. சிவப்புச் சாயம் இரண்டு துளி விட்டு, கழற்றுவது, சுற்றுவது, குப்பையில் போடுவது, கை கழுவுவது என்று படமாக வரிசைப்படுத்திக் குளியலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

சடங்கு அவளுக்குச் சந்தோஷம் தருமா என்பதைப் பாருங்கள். சாறியும் பூவும் படம் பிடிப்பதும் பிடித்த பிள்ளை என்றால் வீட்டளவில் வடிவாகச் செய்யுங்கள். தண்ணீர் வார்ப்பதும் சனமும் அவளை வாட்டும் என்றால் விட்டுவிடுங்கள். மாமிமார் கோபிப்பார்கள், பிறகு ஆறுவார்கள்.

இதே நேரத்தில் மகனுக்கும் மகளுக்கும் உடம்பின் பாகங்களுக்குச் சரியான பெயரும், யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதும் சொல்லிக்கொடுங்கள். கதைக்காத பிள்ளையால் சொல்ல முடியாது என்று தெரிந்தே சிலர் நெருங்குவார்கள். சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள், அது சொந்தக்காரராக இருந்தாலும்.

அரசாங்க உதவி ஏதும் உண்டா?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, இயலாமை உள்ளவருக்கான மாதக் கொடுப்பனவு இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மருத்துவ அறிக்கைகளை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கனடாவுக்குப் போனால் எல்லாம் சரிவரும் என்கிறார் அண்ணா.

அங்கே பாடசாலை வசதி கூட என்பது உண்மை. 2018-ல் விதியைத் தளர்த்தியபின், விசேட கல்விச் செலவைக் காரணம் காட்டிக் கனடா குடிவரவை மறுப்பதில்லை. ஆனால் இங்கே அம்மம்மாவும் சித்தியும் பக்கத்தில் இருக்கும் பலம் அங்கே இருக்காது. இரண்டையும் வைத்து யோசியுங்கள், அண்ணாவின் அவசரத்துக்காகப் போக வேண்டாம்.

எனக்கு முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் அம்மாமார். நித்திரை இல்லாமல், வேலையை விட்டு, பிள்ளை செய்வதற்கெல்லாம் தானே பதில் சொல்லிக்கொண்டு இருப்பவர்கள். முதலில் அப்பாவுக்கு ஒரு முழு வேலையைக் கொடுங்கள். "உதவி" என்று கேட்டால் எப்போதாவதுதான் கிடைக்கும். இரவுக் குளியல் அவருடையது, ஞாயிறு காலை கடற்கரை அவருடையது என்று எழுதி வையுங்கள். அவர் உங்களைப்போல் செய்யமாட்டார், பரவாயில்லை. அம்மம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று. பலர் உதவாமல் இருப்பது மனமில்லாமல் அல்ல, என்ன செய்வது என்று தெரியாமல்தான். பக்கத்தில் இருந்து ஒருமுறை காட்டிக் கொடுங்கள். நித்திரையும் பசியும் கிழமைக்கணக்காக இல்லாமல் போனால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், அது உங்களுக்கே வைத்தியம் தேவைப்படும் நேரம். 1926 இலக்கம் தேசிய மனநல உதவி எண்.

எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

இந்தப் பயத்தை யாராலும் முழுதாக எடுத்துவிட முடியாது, என்னிடமும் இருக்கிறது. செய்யக்கூடியவை உண்டு. ஒரு சட்டத்தரணியைக் கண்டு உயில் எழுதுங்கள். பொறுப்பேற்பவரிடம் முதலே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். பிள்ளையின் பங்கைத் தனியே நிர்வகிக்க நம்பிக்கைப் பொறுப்பு (ட்ரஸ்ட்) அமைப்பது பற்றியும் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பணத்தைவிட முக்கியமாக நான் நினைப்பது, பிள்ளை எவ்வளவு வேலையைத் தானே செய்யும் என்பது. தேத்தண்ணி போடுவது, முகச்சவரம், கடைக்குப் போய்ப் பாண் வாங்கி மிச்சக் காசை எண்ணிக்கொண்டு வருவது. ஒவ்வொன்றுக்கும் மாதங்கள் போகும், சிலவற்றுக்கு வருடங்கள். இன்றைக்கு நீங்கள் செய்து கொடுக்கும் ஒரு வேலையை எடுத்து, அதன் கடைசிப் படியை மட்டும் அவன் செய்யட்டும். அது பழகியதும் அதற்கு முந்திய படி.

அப்புறம் ஒரு கொப்பி போடுங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எதற்குப் பயம், அழுதால் எந்தப் பாட்டு, சோற்றில் கறி ஊற்றலாமா தனியே வைக்க வேண்டுமா, காதைப் பொத்தினால் என்ன அர்த்தம். அதை உங்கள் அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல், குறைந்தது இரண்டு பேருக்காவது பிரதி கொடுங்கள். அவர்களில் ஒருவர் மாதம் ஒருமுறையாவது வந்து அவனோடு ஒரு பகல் இருக்கட்டும், நீங்கள் வீட்டில் இல்லாமல்.